முதலில் கையொப்பம், பிறகு அச்சு

கைவேலையை இணையத்தில் விற்பது எப்படி, சொந்தச் செலவில் போட்ட புத்தகத்தை வாசகர் கையில் சேர்ப்பது எப்படி என்று திருவிடைமருதூரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை அவர்களுக்கான பதில்கள் மட்டும்.

கே: வயர் கூடை பின்னுகிறேன். ஒரு கூடைக்கு வயரும் கைப்பிடியும் 220 ரூபாய். சிவன் கண் பின்னல் என்றால் முழுசாக இரண்டு நாள் பிடிக்கும். 350 ரூபாய் என்று வாட்ஸ்ஆப்பில் போட்டேன். "கொஞ்சம் குறைச்சுக் கொடுங்கக்கா" என்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம்?
– ஆடுதுறை வாசகி

ப: ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். 350-ல் 220 போனால் மிச்சம் 130. இரண்டு நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 65 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த கூலி 336. உங்கள் விரலுக்கு அதையாவது கொடுங்கள். இரண்டு நாள் கூலி 672, பொருள் 220, ஆக 892. அட்டைப்பெட்டியும் கூரியரும் இதற்கு மேல்.

"892 கொடுத்து யார் வாங்குவார்?" என்பீர்கள். கடைத்தெருவில் வாங்கமாட்டார்கள். அங்கே உங்கள் கூடை இயந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக் கூடையோடு விலையில் மோதவேண்டும். அந்தச் சண்டையில் கை ஜெயிக்காது. அதனால் பெரிய கூடையைச் செய்து வைத்துக்கொண்டு ஆள் தேடாதீர்கள். அளவும் நிறமும் வாங்குகிறவர் சொல்லட்டும், பாதிப் பணம் முன்னால் வரட்டும், பிறகு வயரை வெட்டுங்கள். அன்றாட விற்பனைக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற சின்ன உருப்படிகளைப் பின்னுங்கள். தண்ணீர் பாட்டில் உறை, பூஜைக்குப் பூ எடுத்துப்போகும் குடலை, கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்கிற குட்டிக் கூடை. தாம்பூலக் கூடை நூறு, இருநூறு என்று ஒரே வீட்டுக்குப் போகும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு இரண்டு மாதம் முன்பே கல்யாண மண்டபக்காரர்களிடமும் சமையல் கான்ட்ராக்டர்களிடமும் மாதிரி ஒன்று கொடுத்து வையுங்கள்.

கே: வாங்குகிறவர் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் உங்க கணக்குக்கு வந்துடும்" என்கிறார். போடலாமா?
– குத்தாலம்

ப: போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இந்த வரியைப் படித்து முடிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கே: விசைத்தறியில் ஓட்டிய சேலையை 'திருபுவனம் பட்டு' என்று இணையத்தில் 2,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். கைத்தறியில் உட்கார்ந்து நெய்கிற நாங்கள் என்ன செய்வது?
– திருபுவனம் நெசவாளர்

ப: உங்கள் கோபம் நியாயமானது. சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்பது 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டது என்பதோடு பல நெசவாளர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு நெசவாளரும் தன் பெயரை 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான ஜிஐ-3 படிவத்தின் கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள், ஒரு டீக்காசு. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. சங்கத்தில் கேட்டு இந்த மாதமே எழுதிப் போடுங்கள். பதிவு எண் கையில் இருந்தால், போலிப் பட்டியலைப் பற்றி விற்பனைத் தளத்துக்குப் புகார் எழுதும்போது உங்கள் எழுத்துக்குக் கனம் இருக்கும்.

விற்கிற பக்கத்தில் செய்யவேண்டியது வேறு. விலையில் அவர்களோடு போட்டி போடாதீர்கள், நிரூபணத்தில் போடுங்கள். சேலையின் உட்புறத்தைப் படம் எடுங்கள். கரையும் உடலும் சேருமிடத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள். தறியில் நெய்கிறபோது அரை நிமிட வீடியோ எடுத்து, அதே சேலையை விற்பனைக்குப் போடுங்கள். சில்க் மார்க் முத்திரைச் சீட்டின் எண்ணைத் தெரிகிற மாதிரி காட்டுங்கள். ஒரு நூல் இழையைக் கொளுத்திப் பார்த்தால் பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும். இதை வாங்குகிறவருக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள். உங்கள் ஊர்ச் சேலைக்கென்று விசிறி மடிப்பு இருக்கிறதே, அதைப் பிரிக்கிற வீடியோ ஒன்று போதும், சேலை தெரிந்த பெண்கள் நின்று பார்ப்பார்கள்.

கே: இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட முகம் காட்டியே ஆகவேண்டுமா? வீட்டில் விரும்பவில்லை.
– பந்தநல்லூர் வாசகி

ப: வேண்டாம், கையைக் காட்டுங்கள். கைவேலை வாங்குகிறவர் பார்க்க ஆசைப்படுவது அதைத்தான்.

கே: எங்கள் ஊர் வரலாறு எழுதி, சொந்தப் பணத்தில் 500 பிரதி அச்சிட்டேன். ஃபேஸ்புக்கில் 5,000 நண்பர்கள் உண்டு. அட்டைப்படம் போட்டதும் 600 பேர் லைக் போட்டார்கள். வாங்கியது 11 பேர். எங்கே தவறினேன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவிடைமருதூர்

ப: நீங்கள் அறிவித்தீர்கள். யாரிடமும் கேட்கவில்லை. பொதுவில் சொன்ன சேதிக்கு யாரும் கடமைப்பட மாட்டார்கள். லைக் போட்டதோடு மரியாதை முடிந்தது.

உங்களுக்கு வழிகாட்டி ரயிலில் சில நிமிடத் தூரத்தில் இருந்தவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். அதே வருஷம் அக்டோபரில், அங்கே முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வி ஐயரை ஏழு வருஷம் ஏடுகளோடு உட்காரவைத்தது. 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பதிப்பகம் என்று ஒன்று பின்னால் நின்று பணம் போடவில்லை. கல்லூரி விடுமுறையில் சென்னைக்குப் போய்ப் புரூஃப் பார்க்க வேண்டும், காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் கொடுக்கவேண்டும், வீட்டையும் நடத்தவேண்டும்.

அதற்கு அவர் செய்த வழிதான் கையொப்பம். புத்தகம் வருமுன்பே தமிழில் நாட்டமுள்ள ஒவ்வொருவரையும் அணுகி, இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதி வாங்குவது. உத்தியோகஸ்தர், வக்கீல், மிராசுதார், மடத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஆள் ஆளாகப் போய்க் கேட்பது. 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது இந்த அலைச்சலையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் அந்த அத்தியாயங்களைப் படிக்காமல் அச்சகத்துக்குப் போகக்கூடாது என்பேன். சிந்தாமணிக்குப் பிறகு பத்துப்பாட்டு 1889-ல், சிலப்பதிகாரம் 1892-ல், புறநானூறு 1894-ல், மணிமேகலை 1898-ல் வந்தன. ஆள் ஆளாகக் கேட்கத் தயங்கியிருந்தால் முதல் புத்தகமே வந்திருக்காது.

உங்களுக்கு அச்சு முடிந்துவிட்டது. பரவாயில்லை, கையொப்பத்தை இப்போது தொடங்குங்கள். 489 பிரதி இருக்கிறது. ஒரு நோட்டில் 200 பெயர் எழுதுங்கள். உங்களிடம் படித்துச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள், தைப்பூசத்துக்குத் தவறாமல் வருகிற குடும்பங்கள், மகாலிங்கசுவாமி குலதெய்வமாக உள்ளவர்கள், ஊரைவிட்டுப் போயும் வீட்டை விற்காதவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மேலவீதியில் பிறந்தவருக்கு மேலவீதி வருகிற பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். தேர் நிலையடியில் கடை வைத்திருந்தவர் பேரனுக்கு அந்தக் கடை வருகிற பத்தியை அனுப்புங்கள். "உங்கள் தாத்தாவைப் பற்றி 74-ஆம் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை பிரதி அனுப்பட்டும்?" என்று கேளுங்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள், வேண்டுமா என்று கேட்காதீர்கள்.

கே: பதிப்புரிமைப் பதிவு செய்யாமல் புத்தகம் வெளியிட்டால் உரிமை போய்விடுமா?
– திருப்பனந்தாள்

ப: போகாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு வாரிசுகளுக்கு நிற்கும். கட்டாயமான வேறொன்றைத்தான் பலர் மறக்கிறார்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி, டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் பிரதி அனுப்பவேண்டும். சொந்தமாகப் போட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். நாலு பிரதி ஒதுக்கி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் யாராவது தேடினால் கிடைக்கும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை எழுத்தாளருக்கே நேரடியாக, இலவசமாகக் கொடுக்கிறது.

கே: நாச்சியார்கோவில் குத்துவிளக்கை இணையத்தில் போடும்போது விவரம் என்ன எழுதுவது? 'அழகிய பாரம்பரிய விளக்கு' என்று போட்டேன். ஒருவரும் விசாரிக்கவில்லை.
– பாத்திரக்கடை, கும்பகோணம்

ப: திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குப் போய்ப் பாவை விளக்கின் முன்னால் நில்லுங்கள். அம்முனு அம்மணி என்ற மராட்டிய அரச குடும்பத்துப் பெண், நினைத்தவரை மணக்கவேண்டும் என்று லட்ச தீபம் நேர்ந்துகொண்டு, 1853-ல் தன் உருவத்திலேயே செய்து வைத்த விளக்கு அது. கைகூப்ப வேண்டிய இடத்தில் அகலை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். பீடத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். கொடுத்தவர் யார், எந்த வேண்டுதலுக்கு, எந்த நாளில், உருவம் எத்தனை விரல் உயரம், எத்தனை சேர் எடை, செய்த கண்ணிய பத்தர் யாருடைய மகன் என்பது வரை இருக்கிறது. ஒரு கைவேலையைப் பற்றி இதைவிட நேர்மையான விவரம் எழுத முடியாது. செய்தவர் பெயர் அரச குடும்பத்துப் பெண்ணின் பெயரோடு ஒரே பீடத்தில் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கிறது.

உங்கள் விளக்குக்கும் அதையே எழுதுங்கள். உயரம் எத்தனை அங்குலம், எடை எத்தனை கிலோ, அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்று எத்தனை பாகமாகக் கழலும், ஐந்து முகமா, தட்டு எவ்வளவு எண்ணெய் பிடிக்கும், உச்சியில் அன்னமா வேறா. காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்த்தது என்று எழுதுங்கள். அமெரிக்காவில் இருக்கிற தஞ்சாவூர்க்காரருக்கு அது போதும். வார்த்தவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். பித்தளையில் எடையைச் சொல்லாத விளக்கை விவரம் தெரிந்தவர் வாங்கமாட்டார்.

கே: உறவுக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திர விமர்சனம் போடச் சொல்லலாமா?
– மயிலாடுதுறை

ப: கூடாது. விற்பவரே வாங்கியவர் போல விமர்சனம் எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. சட்டம் இருக்கட்டும், பொய் விமர்சனம் நாற்பது இருந்தால் உண்மையாக வாங்கியவர் எழுதிய நாலு வரியும் பொய்யாகத் தெரியும். பொட்டலத்துக்குள் கையால் எழுதிய சீட்டு ஒன்று வையுங்கள். "உங்கள் வீட்டில் இது எங்கே இருக்கிறது என்று ஒரு படம் அனுப்புங்கள்." பத்துப் பேரில் இரண்டு பேர் அனுப்பினாலும் அதுதான் நிஜமான விளம்பரம்.

கே: என் கவிதைப் புத்தகத்தை உலகம் முழுக்க விற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் 65,000 ரூபாய் கேட்கிறது. விருதும் உண்டாம்.
– கதிராமங்கலம், கல்லூரி மாணவி

ப: விருதையும் சேர்த்து விலைக்குத் தருகிறவரிடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், தங்கையே. எந்த நிறுவனத்திடமும் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பிரதி அச்சாகும், எத்தனை என் கைக்கு வரும்? உரிமை யாரிடம் இருக்கும்? நான் விலகினால் அச்சுக்கோப்பைக் கொடுப்பீர்களா? 'உலகம் முழுக்க' என்றால் எந்தக் கடையின் எந்த அலமாரி? நாலாவது கேள்விக்குப் பதில் ஓர் இணைய முகவரியாக மட்டும் இருந்தால், அந்த வேலையை நீங்களே செய்யலாம். கிண்டிலில் 2016-லிருந்து தமிழில் மின்னூல் போட முடிகிறது. போடுவதற்குக் கட்டணம் இல்லை. அச்சுக்கு, கேட்கக் கேட்க அடிக்கிற முறையில் 50 பிரதி எடுங்கள். ஒரு பிரதிக்குச் செலவு கூடும். ஆனால் கட்டிலுக்கு அடியில் 450 பிரதி கிடந்து கரையான் தின்னாது.

கே: அப்பாவின் சரிகைக் கடை முதலிலிருந்து ஒரு லட்சம் எடுத்துச் சிற்றிதழ் தொடங்கலாமா?
– கும்பகோணம்

ப: எடுக்காதீர்கள். உங்கள் ஊர்க்காரர் எம்.வி.வெங்கட்ராம், பதினாறு வயதில் மணிக்கொடியில் எழுதத் தொடங்கியவர், இதே சரிகை வியாபாரத்தில் இருந்தார். 1948-ல் 'தேனீ' என்று ஓர் இலக்கிய இதழ் நடத்தினார். தரமான இதழ், கைப்பணத்தைத் தின்று நின்றுபோனது. பிறகு குடும்பத்துக்காக வருஷக்கணக்கில் பதிப்பகங்களுக்கு வாழ்க்கை வரலாறுகளும் மொழிபெயர்ப்புகளும் எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது. அந்த வருஷங்களில் 'வேள்வித் தீ' மாதிரி இன்னும் எத்தனை நாவல் வந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை அப்படி உள்ளிருந்து எழுத அவரைப்போல் ஆள் இல்லை. 'காதுகள்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது 1993-ல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

இதழ் நடத்துங்கள். சந்தா சேர்த்துவிட்டு நடத்துங்கள். 150 பேர் ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டினால் முதல் இதழ். கட்டவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். கடை முதல் அப்பாவுடையது.

கே: ஜிஎஸ்டி எடுக்காமல் இணையத்தில் விற்கமுடியுமா?
– திருநீலக்குடி

ப: முடியும், வரம்புக்குள் இருந்தால். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு வரவு 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு. இணையத் தளம் வழியாக விற்றால் எவ்வளவு சின்ன வியாபாரியானாலும் பதிவு வேண்டும் என்று முன்பு இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருப்பவர் தன் மாநிலத்துக்குள் மட்டும் தளத்தில் விற்க, பதிவு எண் இல்லாமல் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். வெளிமாநிலத்துக்கு நீங்களே நேரடியாக அனுப்புகிறீர்கள் என்றால், அரசு அறிவித்த கைவினைப் பட்டியலில் உள்ள பொருளுக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். பான் எண்ணும் இ-வே பில்லும் வேண்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு வரியே இல்லை. உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு கணக்காளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கே: புத்தக வெளியீட்டு விழாவுக்கு 40,000 ரூபாய் பட்ஜெட் போட்டிருக்கிறோம். மண்டபம், பொன்னாடை, டிபன். சரியா?
– கோவிந்தபுரம்

ப: அந்தப் பட்டியலில் புத்தகம் எங்கே? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உங்கள் பக்கத்து ஊர்மேல் 'திருவிடைமருதூர் உலா' பாடினார். அந்தக் காலத்தில் அரங்கேற்றம் என்றால் சபையில் நூலைப் படிப்பார்கள், பொருள் சொல்வார்கள், கேட்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள், நாள்கணக்கில் நடக்கும். இப்போது ஆறு பேர் நூலாசிரியரைப் புகழ்கிறார்கள். நூலிலிருந்து ஒரு பக்கம்கூட யாரும் படிப்பதில்லை.

மண்டபம் வேண்டாம். கிளை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கேளுங்கள். மூன்று பேர் ஆளுக்கு நாலு பக்கம் வாய்விட்டுப் படிக்கட்டும். டீயும் போண்டாவும் போதும். மிச்சப் பணத்தில் 100 பிரதியைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்புங்கள். தபாலுக்கு அஞ்சாதீர்கள். 2025 மே மாதம் அஞ்சல்துறை கியான் போஸ்ட் என்று புத்தகத்துக்கென்றே தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. எங்கே போகிறது என்று எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்கவேண்டும். பொது நூலகத் துறை கொள்முதலுக்கும் அறிவிப்பு வரும்போது இணைய வழியில் விண்ணப்பியுங்கள்.

கே: புத்தகத்துக்கு விலை 200. அடக்கம் 90. கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்கிறார். கொடுக்கலாமா?
– அம்மாசத்திரம்

ப: 40 சதவீதம் போனால் 120, உங்களுக்கு மிஞ்சுவது 30. நேராக விற்றால் 110, அதில் தபால் போகட்டும். இருந்தாலும் கடைக்குக் கொடுங்கள், முதலில் பத்துப் பிரதி. உங்களைத் தெரியாத ஒருவர் உங்கள் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டுகிற இடம் கடை மட்டும்தான். பணம் எப்போது வரும் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: பாரம்பரிய நெல்லும் பாட்டி சமையலும் என்று புத்தகம் போட்டேன். எங்கே கொண்டுபோய் விற்பது? புத்தகக் காட்சியில் ஒதுங்கிக் கிடக்கிறது.
– சூரியனார்கோவில் வாசகி

ப: புத்தகம் வாங்க வருகிறவரிடம் போகாதீர்கள், நெல் வாங்க வருகிறவரிடம் போங்கள். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் தொடங்கி வைத்த நெல் திருவிழாவுக்கு மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் விதைநெல்லாக வாங்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். இரண்டு கிலோ விதை வாங்கியவர் அதை எப்படிச் சமைப்பது என்று கேட்காமல் வீட்டுக்குப் போவாரா? விதை விற்பவரின் பக்கத்தில் ஒரு மேசை கேளுங்கள். பூங்கார் கஞ்சி ஒரு பானை வைத்துக் கொடுங்கள். குடித்து முடித்தவர் கை தானாகப் புத்தகத்துக்கு வரும். மரபு அரிசியைத் தபாலில் விற்கிற இளைஞர்கள் நம் பக்கத்தில் நிறைய வந்துவிட்டார்கள். அவர்கள் பொட்டலத்தோடு உங்கள் புத்தகத்தையும் சேர்த்து விற்கச் சொல்லிப் பேசுங்கள்.

கே: என் கலம்காரி டிசைனைக் காப்பியடித்துத் துணியில் அச்சடித்து விற்கிறார்கள்.
– சிக்கல்நாயக்கன்பேட்டை

ப: மரபாக வந்த உருவம் என்றால் அதற்குத் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் 'கருப்பூர் கலம்காரி' என்ற பெயருக்கு 2021 முதல் புவிசார் குறியீடு உண்டு. அச்சுத் துணிக்கு அந்தப் பெயரைப் போட்டால் திருபுவனத்து நெசவாளருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். நீங்களே புதிதாக வரைந்த வடிவம் என்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யலாம், ஆனால் வெளியில் காட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டும். முதலில் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் பிறகு பதியப் போனால் 'புதியது' என்ற தகுதி போய்விடும்.

கே: தஞ்சாவூர் ஓவியத்தைப் படம் எடுத்தால் பளபளவென்று ஒன்றும் தெரியவில்லை.
– குடந்தை வாசகி

ப: கண்ணாடி போடுவதற்கு முன்னால் எடுங்கள். நேர் வெயில் வேண்டாம், டியூப்லைட்டும் வேண்டாம்; காலை வெளிச்சம் விழுகிற திண்ணையில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தங்க ரேக்கு எழும்பித் தெரியும். அளவு புரிய ஓரத்தில் ஒரு கை.

கே: சுவாமிமலை நடராஜர் ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
– சிற்பியின் மகன்

ப: தாராளமாக. முதலில் தொல்லியல் துறையிடம் 'இது பழம்பொருள் அல்ல' என்ற சான்று வாங்குங்கள். நூறாண்டு கடந்த சிலைகள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். நம் கோயில் சிலைகள் திருடுபோன கதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதனால் சோதனை கடுமையாக இருப்பதை நான் வரவேற்கிறேன். மெழுகு உருவத்திலிருந்து மெருகு வரை படங்களைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டெண் வாங்கவேண்டும். முழுப் பணமும் வந்த பிறகே பெட்டியில் ஆணி அடியுங்கள்.

கே: தாத்தாவும் அப்பாவும் நெட்டி வேலை. எனக்கு 22 வயது. பெரிய கோயில் மாதிரியைக் கூரியரில் அனுப்பினால் பொருள் விலையைவிடக் கூரியர் அதிகமாகிறது. விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.
– தஞ்சாவூர்

ப: போவதற்கு முன்னால் ஒரு கணக்கு. நெட்டி பஞ்சு போல லேசு, ஆனால் கூரியர்காரர் பெட்டியின் பருமனுக்குப் பணம் வாங்குகிறார். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவதுதான் அவர் கணக்கில் கிலோ. 40க்கு 30க்கு 30 பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே இருப்பது அரைக் கிலோகூட இருக்காது. 15க்கு 15க்கு 15 பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி செய்தால் 0.675 கிலோ. கூரியர் செலவு பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

அதனால் இணையத்துக்கென்று உள்ளங்கை அளவில் செய்யுங்கள். விமானம் மட்டும், நந்தி மட்டும், ஒரு பிள்ளையார். பெரிய கோயில் முழு மாதிரியை நேரில் வந்து எடுத்துப்போகிறவருக்கு வையுங்கள். பூம்புகார் விற்பனை நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோய்க் காட்டுங்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு வந்திருக்கிறது. அப்பா பெயரில் அந்தப் பத்து ரூபாய்ப் பதிவைச் செய்யுங்கள். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய், உங்கள் தொழில் பட்டியலில் சேருமா என்று கேளுங்கள். தாத்தா தண்டின் தோலைச் சீவுவதை வீடியோ எடுத்து வையுங்கள், விற்பதற்கு மட்டுமில்லை.

கேட்டதற்கு நேர்ப் பதில்: வேலைக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் வருகிற மார்கழிக்குள் கொலுவைத்த வீடுகள், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள், பரதநாட்டியப் பள்ளிகள் என்று 60 பேரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். சலங்கை பூஜைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பள்ளி 40 குட்டி நந்தி கேட்டாலே உங்களுக்கு ஒரு மாத வேலை. முதல் பத்துப் பேருக்கு அனுப்பப்போகிற வரிகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.